தரைக்கு அடியில் குழாய் கசிகிறதா? உடைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்

எங்கள் வீட்டில் முதலில் கவனித்தது அம்மாதான். ஹாலில், பூஜை அறை வாசலை ஒட்டிய டைல்ஸ் இடுக்கில், கோலமாவு சிந்தியது போல வெள்ளையாக ஒரு கோடு. பெருக்கித் துடைத்தால் போய்விடும். இரண்டு நாளில் அதே இடத்தில் திரும்ப வரும். சித்திரை வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாத நாட்களில் இப்படி வந்தது. அந்த டைல்ஸ் மேல் வெறுங்காலை வைத்தால் பக்கத்து டைல்ஸைவிடச் சில்லென்று இருக்கும்.

அந்த வெள்ளைப் பொடி உப்பு. மண்ணிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பை நீர் கரைத்து மேலே கொண்டுவருகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அப்படியென்றால் அடியில் எங்கிருந்தோ தொடர்ந்து நீர் வருகிறது. நாங்கள் கூப்பிட்ட பிளம்பர் வந்து ஐந்து நிமிடம் பார்த்தார். "பாத்ரூம் லீக்தான்" என்று சொல்லி மறுநாளே பாத்ரூம் தரையை உடைத்தார். அங்கே குழாய் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் பாத்ரூம் இல்லாமல் அல்லாடினோம், கசிவும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு முறையாகத் தேடி எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். சொந்த வீடு கட்டியோ வாங்கியோ கொஞ்ச நாள்தான் ஆகிறது, குழாய் வேலை எதுவும் தெரியாது என்கிறவர்களை நினைத்து எழுதியது. கடப்பாரை கடைசியாக வர வேண்டிய கருவி. அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது

நம் ஊர்த் தனி வீடுகளில் பேஸ்மட்டத்துக்குள் மண்ணோ மணலோ கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் மூன்று நான்கு அங்குல ஜல்லிக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் கலவை பரப்பி டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். குழாய்கள் பெரும்பாலும் அந்தக் கலவையிலோ கான்கிரீட்டுக்கு அடியில் உள்ள மணலிலோ ஓடும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கி வரும் நல்ல தண்ணீர்க் குழாய், மோட்டாரிலிருந்து மாடிக்கு ஏறும் குழாய், தெருவிலிருந்து சம்புக்கு வரும் குழாய், கழிவுநீர்க் குழாய் என்று நான்கு வகை. இவற்றில் எது கசிகிறது என்பதுதான் முதல் கேள்வி. எங்கே கசிகிறது என்பது அதற்கு அப்புறம்.

நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். தொட்டியிலிருந்து வரும் குழாயில் எப்போதும் நீர் நிற்கிறது, அதனால் இரவும் பகலும் கசியும். மோட்டார் குழாய் பெரும்பாலும் மோட்டார் ஓடும்போது கசியும். தெருக்குழாய், தண்ணீர் விடும் நாளில் மட்டும். கழிவுக்குழாய், நீங்கள் குளித்தால், துவைத்தால் மட்டும். ஆகவே ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எந்த நாளில், எந்த நேரத்தில் ஈரம் அதிகம்? ஊருக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்து வரும்போது ஈரம் குறைந்திருந்ததா?

குழாய்தானா, வெறும் ஓதமா

சில வீடுகளில் குழாயே காரணமாக இருக்காது. மண்ணின் ஈரம் சுவர் வழியாக ஏறுவதை ஓதம் என்கிறோம். ஓதம் சுவர் நெடுகிலும், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பட்டையாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் கூடும், கோடையில் குறையும். குழாய்க் கசிவு ஓர் இடத்தில் தொடங்கிப் பரவும், கோடையிலும் விடாது.

தரை ஈரம் காற்றிலிருந்து படிகிறதா, அடியிலிருந்து வருகிறதா என்று சந்தேகம் இருந்தால், ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. பளபளப்பான டைல்ஸ் நீரை விடாது, ஆகவே டைல்ஸ் இடுக்கு தாளின் நடுவில் வரும்படி ஒட்ட வேண்டும்.

தொட்டியில் ஒரு கோடு

எனக்கு உண்மையில் பதில் சொன்ன சோதனை இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இரவு எல்லோரும் படுத்த பிறகு மாடிக்குப் போய் தொட்டி மூடியைத் திறந்து, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் உள்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். உள்ளே எட்டவில்லை என்றால் நீளமான ஒரு குச்சியைச் செங்குத்தாக அடி தொடும்வரை விட்டு, நனைந்த உயரத்தை அளந்துகொள்ளலாம். அதற்கு முன் வீட்டில் எந்தக் குழாயும் சொட்டவில்லை என்று பாருங்கள். ஃப்ளஷ் டேங்க்தான் பலரை ஏமாற்றும். அதில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்து அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கழிப்பறைப் பேசினில் நிறம் இறங்கினால் அங்கேயே ஒரு கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எது செய்தாலும் கணக்குத் தப்பும்.

காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். எங்கள் தொட்டி ஏறக்குறைய 1 மீட்டர் குறுக்களவு. அதில் 1 செ.மீ. இறங்கினால் கிட்டத்தட்ட 8 லிட்டர். அன்று இரவு பத்தரையிலிருந்து காலை ஐந்தரைக்குள் 5 செ.மீ. இறங்கியிருந்தது. ஏழு மணி நேரத்தில் 40 லிட்டர், வீட்டில் ஒருவரும் கை வைக்காமலேயே போயிருக்கிறது. அதுவரை "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று இருந்த விஷயம் அந்த ஒரு காலையில் உறுதியானது.

மறுநாள் இரவு, தொட்டியிலிருந்து வெளியேறும் குழாய்களில் உள்ள கேட் வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு அதே சோதனை. இப்போது மட்டம் இறங்கவில்லை என்றால் கசிவு வால்வுக்குப் பின்னால், அதாவது வீட்டுக்குள். மூடியும் இறங்கினால் தொட்டியையே சந்தேகிக்க வேண்டும்: தொட்டி நிப்பிள் (தொட்டியில் குழாயைப் பொருத்தும் இணைப்பு), அடிப்பகுதி, அல்லது மோட்டார் குழாய். மோட்டார் குழாயின் முனை தொட்டி நீருக்குள் மூழ்கியிருந்து, கீழே தடுப்பு வால்வும் பழுதாகியிருந்தால், தண்ணீர் வந்த வழியே திரும்பி இறங்கிவிடும்.

ஒரு விஷயம், பழைய கேட் வால்வுகள் முழுதாக மூடாது. "வால்வு பாஸ் ஆகுது" என்பார்கள். வால்வை மூடிவிட்டுக் கீழ்த்தளத்தில் தாழ்வான ஒரு குழாயைத் திறந்து வையுங்கள். குழாயில் நின்ற நீர் வடிந்ததும் சொட்டு நின்றுவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் நூல் போல வந்துகொண்டிருந்தால் அந்த வால்வை நம்பிச் சோதனை செய்யாதீர்கள், முதலில் மாற்றுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு வால்வாகத் திறந்து ஓர் இரவு ஒரு வால்வு என்று பாருங்கள். எங்களுக்குச் சமையலறை லைன் திறந்த இரவு மட்டம் அசையவில்லை. பாத்ரூம் லைன் திறந்த இரவு மறுபடி 5 செ.மீ. இறங்கியது. பாத்ரூம் லைன்தான், ஆனால் கசிந்தது பாத்ரூமில் இல்லை. அந்த லைன் சமையலறைச் சுவர் ஓரமாக இறங்கி, ஹாலுக்கு அடியில் குறுக்கே ஓடித்தான் பாத்ரூமுக்குப் போகிறது. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே வால்வு என்றால், இரண்டு மூன்று வால்வு கூடுதலாக வைத்துப் பிரித்துக்கொள்வது நல்ல முதலீடு.

மற்ற மூன்று குழாய்கள்

மோட்டார் குழாயை நேரத்தைக் கொண்டு பிடிக்கலாம். தொட்டி ஒரு குறியிலிருந்து இன்னொரு குறிவரை நிரம்ப எத்தனை நிமிடம் என்று குறித்து வைத்திருப்பவருக்கு, அது ஒன்றரை மடங்கானால் உடனே தெரியும். பம்ப் தேய்ந்திருந்தாலும் நேரம் கூடும் என்பதால் மோட்டார் ஓடும்போது தரை ஈரம் கூடுகிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தெருக்குழாய்க் கசிவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. குழாய் காலியாக இருக்கும் நேரத்தில், வெளியே உள்ள அழுக்கு நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். தண்ணீர் விடும்போது முதல் சில நிமிடம் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு, காமாலை என்றால் சம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சம்பே கசிகிறதா என்று அறிய, நிரப்பி, உள்ளே வரும் வழியை அடைத்து, மோட்டார் போடாமல் ஒரு நாள் விட்டுக் கோடு பார்த்தால் போதும்.

கழிவுக்குழாய்க்குத் தொட்டிக் கோடு உதவாது. அந்தக் குளியலறையை மூன்று நான்கு நாள் உபயோகிக்காமல் விடுங்கள். ஈரம் வாட ஆரம்பித்தால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு வெளியே உள்ள கழிவுநீர்ச் சேம்பரில் அந்தக் குழாய் வந்து விழும் வாயைத் துணி சுற்றிய மரக்கட்டையாலோ, காற்றடைக்கும் ரப்பர் அடைப்பாலோ இறுக அடைத்து, தரையில் உள்ள ஜல்லடை வரை நீர் நிற்கும்படி மெதுவாக ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்கினால் குழாயோ, நாற்றம் மேலே வராமல் நீர் தேங்கி நிற்கும் டிராப்போ கசிகிறது. நீரில் நிறம் கலந்துவிட்டால், பக்கத்துச் சுவரிலோ தரை இடுக்கிலோ அந்த நிறம் எட்டிப் பார்க்கவும் கூடும். பழைய வீடுகளில் சிமெண்ட் வைத்து மூட்டிய பீங்கான் குழாய்கள் இருக்கும். மூட்டு வெடித்து, அதற்குள் மரவேர் நுழைந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள் இந்த வேலை செய்பவர்கள்.

இடத்தைச் சுருக்குதல்

எந்த லைன் என்று தெரிந்துவிட்டது. அது எங்கே ஓட்டையாகியிருக்கிறது? ஈரம் தெரியும் இடத்தில்தான் ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் மணலுக்குள் பள்ளம் பார்த்து ஓடி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே மேலே வருகிறது. எங்கள் வீட்டில் உப்புப் பூத்த இடத்துக்கும் ஓட்டைக்கும் ஆறடி தூரம்.

முதலில் குழாய் போகும் வழியைத் தாளில் வரையுங்கள். வீடு கட்டும்போது எடுத்த புகைப்படம் இருந்தால் புதையல் கிடைத்த மாதிரி. இல்லையென்றால் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், வெளியே வரும் இடம் இரண்டையும் வைத்து ஊகிக்க வேண்டும். அந்த வழி நெடுக ஒரு மரக்கட்டையால் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் மணல் கரைந்து போன இடம் "டொப்" என்று வெற்றொலி கொடுக்கும். ஒட்டும்போதே அடியில் கலவை விடுபட்ட டைல்ஸும் அப்படி ஒலிக்கும் என்பதால், இதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீசரிலிருந்தோ சோலாரிலிருந்தோ வரும் சுடுநீர் லைன் என்றால் வேலை எளிது: சுடுநீரைத் திறந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாலே சூடு பரவிய இடம் தெரியும், வெப்பக் கேமரா இன்னும் தெளிவாகக் காட்டும்.

குளிர்ந்த நீர் லைனுக்குக் காதுதான் வழி. மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் நிறுத்திவிட்டு, இரவு இரண்டு மணிக்கு அரை அங்குல இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் வைத்து மறுமுனையைக் காதோரம் ஒட்டிக் கேட்டேன். பூஜை அறைப் பக்கம் ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் "ஸ்ஸ்ஸ்" என்று மெல்லிய இரைச்சல், குக்கர் ஆவி வருவதற்குச் சற்று முன் கேட்குமே, அதுபோல. தொட்டி உயரம் ஏழு மீட்டர் என்றால் குழாயில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.7 கிலோதான், அதனால் சத்தம் மிக மெலிதாக இருக்கும், பிளாஸ்டிக் குழாயில் அதுவும் கேட்காமல் போகலாம். பிளம்பரிடம் கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்ட் பம்ப் இருந்தால், லைனின் எல்லா முனைகளையும் அடைத்து 3 கிலோ வரை ஏற்றிவிட்டுக் கேட்டால் சத்தம் கூடும், முள் இறங்கும் வேகத்திலிருந்து ஓட்டையின் அளவும் தெரியும். பழைய லைனில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், நன்றாக இருக்கும் மூட்டும் விட்டுவிடும். கம்ப்ரெசர் காற்றை வைத்துப் பிளாஸ்டிக் குழாயைச் சோதிக்க யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். அழுத்தக் காற்று நிறைந்த குழாய் உடைந்தால் துண்டுகள் சிதறி ஆளையே காயப்படுத்தும்.

இதிலும் பிடிபடவில்லை என்றால் நகரங்களில் கசிவு கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தரை ஒலிவாங்கி கொண்டு வருவார்கள், அல்லது 5 சதவீதம் ஹைட்ரஜனும் 95 சதவீதம் நைட்ரஜனும் கலந்த வாயுவைக் குழாய்க்குள் விட்டு, தரை மேல் அது கசியும் இடத்தை மோப்பக் கருவியால் பிடிப்பார்கள். இந்தக் கலவை தீப்பிடிக்காது. அவர்கள் கேட்கும் தொகையை மூன்று இடத்தில் தவறாக உடைத்துத் திரும்ப டைல்ஸ் போடும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒட்டுப் போடுவதா, அந்த லைனையே கைவிடுவதா

இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழாய் புதிது, சி.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் வகை, ஆணி அடித்ததாலோ மூட்டு சரியாக ஒட்டாததாலோ கசிகிறது என்றால், அந்த இடத்தை மட்டும் திறந்து சரிசெய்யலாம். இருபது இருபத்தைந்து வருடத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்றால் ஒட்டுப் போடாதீர்கள். ஓர் இடத்தில் துருப்பிடித்து ஓட்டையான குழாய் மற்ற இடங்களிலும் மெலிந்துதான் இருக்கும். அடுத்த வருடம் இரண்டடி தள்ளி இன்னொரு இடத்தில் கசியும். அந்த லைனை இரண்டு முனையிலும் மூடிபோட்டு அடைத்துவிட்டு, புதிய லைனைச் சுவர் மேலேயே கொண்டுபோங்கள். பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தும்தான். ஆனால் கசிந்தால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும், அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். நாங்கள் ஹாலை உடைக்கவே இல்லை. வெளிச்சுவர் சுற்றி லைன் எடுத்தோம், ஒன்றரை நாளில் வேலை முடிந்தது.

அப்படி எடுக்கும்போது மூன்று அடிக்கு ஒரு கிளாம்ப் போடச் சொல்லுங்கள். வெயில் படும் சி.பி.வி.சி. குழாய்க்குத் தண்ணீரில் கரையும் வகை பெயிண்ட் அடிக்க வேண்டும், எண்ணெய் பெயிண்ட் கூடாது. பழைய லைனை மூடிபோட மறந்துவிட்டு ஒரு முனையைத் திறந்தே விட்டுவிடுபவர்கள் உண்டு, நின்று பார்த்துச் செய்யுங்கள்.

உடைத்தே ஆக வேண்டும் என்றால்

கழிவுக்குழாய்க்கு வேறு வழியில்லை, தரையைத் திறந்துதான் ஆக வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஈரத் தரைக்குள் மின்கம்பிக் குழாயும் ஓடலாம். வீட்டில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் இதைச் சாக்காக வைத்தாவது போட்டுவிடுங்கள்.

டைல்ஸை இடுக்கு வழியாக கிரைண்டரால் அறுத்தால் பக்கத்து டைல்ஸ் தப்பும். கசியும் இடத்துக்கு இருபுறமும் ஒரு அடி கூடுதலாகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே கை நுழைந்து வேலை செய்ய இடம் இருக்காது. குழிக்குள் சுவருக்கு அடியில் ஓடும் பெல்ட் கான்கிரீட்டோ தூண் அடியோ தென்பட்டால் அதில் உளி படக் கூடாது. குழாய் அதைக் கடந்து போகிறது என்றால் வழியை மாற்றுங்கள். தரை தாழ்ந்திருக்கிறது, கதவு நிலை கோணி இறுகுகிறது, சுவரில் சாய்வான விரிசல் வளர்கிறது என்றால் பிளம்பரோடு நிறுத்தாமல் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும்.

சி.பி.வி.சி. குழாயில் பழுதான துண்டை நேராக வெட்டி எடுத்து, வெட்டிய ஓரத்தின் பிசிறைச் சுரண்டி, ஈரம் இல்லாமல் துடைத்து, இரண்டு கப்ளிங் வைத்துப் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். சாதாரண பி.வி.சி. சொல்யூஷனை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, சி.பி.வி.சி.க்கென்று தனியாக இருப்பதை வாங்குங்கள். ஒட்டிய பிறகு ஒரு நாள் விட்டுத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். திருகி இணைக்கும் மரையுள்ள மூட்டு எதையும் தரைக்குள் புதைக்காதீர்கள். கழிவுக்குழாய்க்கு வாட்டம் பார்க்க வேண்டும்: நான்கு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் இறக்கம் நன்றாக இருக்கும்.

வேலை முடிந்த அன்றே குழியை மூட கொத்தனார் அவசரப்படுவார். விடாதீர்கள். தண்ணீர் லைன் என்றால் ஓர் இரவு தொட்டிக் கோடு, கழிவு லைன் என்றால் அடைத்து நீர் நிறுத்தும் சோதனை, இரண்டில் ஒன்று தேறிய பிறகுதான் மூட வேண்டும். குழாய்க்குக் கீழும் சுற்றிலும் நான்கு அங்குலம் கல் இல்லாத மணல். அதன்மேல் அரை அடி அரை அடியாக நிரப்பித் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். ஒரே மூச்சில் கொட்டி மூடினால் ஆறு மாதத்தில் டைல்ஸ் இறங்கும். கனமான பிளாஸ்டிக் தாள் விரித்து, சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கணக்கில் கான்கிரீட் போட்டு, ஏழு நாள் தண்ணீர் காட்டிவிட்டு டைல்ஸ் ஒட்டலாம். மூடுவதற்கு முன் குழிக்குள் அளவு டேப்பை விரித்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி நான்கைந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கசிவு நின்ற பிறகும் உப்பு சில வாரம் பூக்கும். மண்ணில் தேங்கிய ஈரம் ஏறி முடிய வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஆனது. அதுவரை அந்தச் சுவருக்குப் பட்டி பார்ப்பதோ பெயிண்ட் அடிப்பதோ வேண்டாம், உரிந்து வந்துவிடும். அம்மா தினமும் காலையில் ஈரத்துணி இல்லாமல் வெறும் துடைப்பத்தால் அந்த வெள்ளையைப் பெருக்கி எடுத்தார். நான் வாரம் ஒரு முறை மாடிக்குப் போய்த் தொட்டிக் கோட்டைப் பார்த்தேன். ஆடி பிறந்து பத்து நாளில் டைல்ஸ் இடுக்கு பழைய நிறத்துக்கு வந்தது.